வெண்புள்ளியின் மரபணுக்களைத் தேடும் ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெண்புள்ளி உள்ளவர்கள், அவர்கள் வீட்டார், தோல் மருத்துவம் படிக்கும் முதுநிலை மாணவர்கள் என்று யாரிடம் மரபணு ஆய்வு பற்றிப் பேசினாலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வீட்டார் கேட்பதை மாணவர்களும், மாணவர்கள் கேட்பதை வீட்டாரும் படித்தால் இரு தரப்புக்கும் நல்லது என்பதால் பிரிக்காமல் ஒரே வரிசையில் தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

அம்மாவுக்கு வெண்புள்ளி இருக்கு. பிள்ளைக்கும் கட்டாயம் வருமா?

கட்டாயம் இல்லை. உலக அளவில் நூறு பேரில் அரை முதல் ஒருவர் வரை வெண்புள்ளி காணப்படுகிறது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் இது நூற்றுக்கு ஆறு, ஏழு என்ற அளவுக்கு உயர்கிறது. மற்றவர்களைவிடக் கூடுதல்தான். ஆனால் அப்போதும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களிடம் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒருவருக்கு வெண்புள்ளி இருந்தபோது மற்றவருக்கும் இருந்தது சுமார் 23 சதவீதத்தில்தான். இருவருக்கும் மரபணுக்கள் ஒன்றே. மரபணு மட்டுமே காரணம் என்றால் இந்த எண் நூறை ஒட்டி இருந்திருக்கும். மரபணு ஒரு சாய்வைத் தருகிறது. அதற்கு மேல் வேறு ஏதோ தூண்டினால்தான் நோய் வெளியே வருகிறது.

அப்போ "வெண்புள்ளி மரபணு" என்று ஒன்று இல்லையா?

இல்லை. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் பங்களிக்கின்றன. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் 1,514 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. அதே குழுவினர் 2016இல் 4,680 நோயாளிகளையும் நோய் இல்லாத ஏறத்தாழ 40,000 ஒப்பீட்டு நபர்களையும் சேர்த்து ஆராய்ந்தபோது, மொத்தம் ஏறக்குறைய 50 இடங்கள் மரபணுத் தொகுதியில் அடையாளமாகின. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஸ்ப்ரிட்ஸ் இந்த வேலையை நடத்தியவர்களில் முக்கியமானவர்.

அந்த இடங்களில் பெரும்பாலானவை நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்தவை. வெண்புள்ளி, உடலின் காவல் படையே தோலின் நிறமிச் செல்களைத் தாக்குவதால் வரும் தன்னுடல் தாக்கு நோய் என்ற கருத்துக்கு இது வலுவான ஆதரவு. தைராய்டு கோளாறு, முதல் வகை நீரிழிவு போன்றவை சில குடும்பங்களில் வெண்புள்ளியுடன் சேர்ந்தே வருவதும் இதனால்தான்.

ஏற்கெனவே 50 இடம் கண்டுபிடிச்சாச்சே, இந்தியாவில் மறுபடி எதுக்கு?

நியாயமான கேள்வி. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் டைரோசினேஸ். தோலுக்கு நிறம் தரும் மெலனினை உருவாக்கும் நொதி அது. நிறமிச் செல் தனக்குள் இருக்கும் புரதங்களின் துண்டுகளை எச்.எல்.ஏ என்ற, ஆளுக்கு ஆள் வேறுபடும் தாங்கி மூலக்கூறுகளில் ஏற்றி வெளிப்புறத்தில் காட்டும். டைரோசினேஸ் துண்டும் அப்படிக் காட்டப்படும். அதைப் பகையாக எண்ணும் டி-செல்கள் (எதிர்ப்பு மண்டலத்தின் வெள்ளணுக்களில் ஒரு வகை) இருந்தால் நிறமிச் செல் அழிகிறது.

இந்த நொதியின் 402ஆம் இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறிய வடிவம் ஐரோப்பியர்களிடம் பரவலாக உண்டு. மாறிய புரதம் உறுதி குறைந்தது. அதை வைத்திருப்பவர்களுக்கு வெண்புள்ளி வரும் வாய்ப்பு குறைகிறது, மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது! எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் நிறமிச் செல் குறைவாகப் படுவதால் தாக்குதலும் குறைவு, புற்றாக மாறும் செல்லைக் களைவதும் குறைவு என்று இதை விளக்குகிறார்கள். ஒரே மாற்றம் இரண்டு நோய்களை எதிரெதிர்த் திசையில் தள்ளுகிறது.

இதே மாற்றம் கிழக்காசியாவில் கிட்டத்தட்ட இல்லை. தெற்காசியாவில் குறைவு. ஆக, ஐரோப்பாவில் முன்வரிசையில் நிற்கும் இடம் நம்மிடம் கண்ணிலேயே படாமல் போகலாம். நம்மிடம் முக்கியமானது அங்கே இல்லாமல் இருக்கலாம். டெல்லி தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தின் குழு வட இந்தியாவிலும் குஜராத்திலும் பார்த்தபோது, எச்.எல்.ஏ-யின் ஏ 33:01, பி 44:03, டி.ஆர்.பி.1 07:01 ஆகிய வடிவங்கள் நோயாளிகளிடம் கூடுதலாக இருந்தன. ஐரோப்பிய ஆய்வுகளில் ஏ வரிசையில் முன்னுக்கு வந்தது 02:01. பட்டியலை இரவல் வாங்கிக்கொண்டு வேலை முடிந்தது என்று சொல்ல முடியாது.

ஆய்வில் யாரை நோயாளி என்று சேர்ப்பீர்கள்? வெள்ளையாக இருந்தால் போதாதா?

போதாது. என் கணிப்பில் இந்த மாதிரி ஆய்வுகள் தோற்பது ஆய்வகத்தில் இல்லை, சேர்க்கும் மேசையில். தேமல் வெள்ளைதான். தொழுநோயின் வெளிறிய படையும் பார்வைக்கு அப்படித்தான், ஆனால் அங்கே தொடு உணர்வு குறைந்திருக்கும். தீக்காயத் தழும்பும் உண்டு. பிறவியிலேயே நெற்றியில் வெள்ளைக் கற்றை முடியோடு வரும் பைபால்டிசம் பெரும்பாலும் 'கிட்' என்ற ஒற்றை மரபணுவின் கோளாறு. அதைத் தெரியாமல் சேர்த்தால் கணக்கே கலங்கிவிடும்.

ரசாயனத்தால் வருவது இன்னொரு சிக்கல். ஸ்டிக்கர் பொட்டின் பசையில் உள்ள ஒரு வகை பீனால், ரப்பர் செருப்பு வார் போன்றவை பட்ட இடத்திலேயே நிறம் போவது நம் மருத்துவர்களுக்குப் பழக்கமானது. ஜப்பானில் 2013இல் ரோடோடென்ட்ரால் கலந்த சரும வெண்மைப் பூச்சுகளைப் பயன்படுத்திய ஆயிரக்கணக்கானோருக்கு நிறம் போனதால் அவை சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. இவர்களை ஒதுக்க வேண்டும் என்றில்லை. தனியாகக் குறித்துவைக்க வேண்டும். அதே பூச்சைப் பூசிய எல்லோருக்கும் நிறம் போகவில்லையே, ஏன் என்பதும் ஒரு மரபணுக் கேள்விதான்.

படிவத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டியவை: உட்ஸ் விளக்கில் (தோலைப் பார்க்கும் புற ஊதா விளக்கு) பார்த்த முடிவு, உடலின் இருபுறமும் பரவியதா அல்லது ஒரு பக்கப் பட்டையாக நிற்கிறதா, முதல் புள்ளி தோன்றிய வயது, தைராய்டு முதலிய பிற நோய்கள், மூன்று தலைமுறைக் குடும்ப வரலாறு.

வயதெல்லாம் அவ்வளவு முக்கியமா? இப்போ இருக்கா இல்லையா என்பதுதானே விஷயம்?

2019இல் ஸ்ப்ரிட்ஸ் குழு தொடங்கிய வயதை வைத்துப் பார்த்தபோது நோயாளிகள் இரண்டு கும்பலாகப் பிரிந்தார்கள். மூன்றில் ஒரு பங்கினருக்குச் சராசரியாகப் பத்து வயதை ஒட்டி, மீதிப் பேருக்குச் சராசரியாக 34 வயதில். சிறு வயதுக் கும்பலில் எச்.எல்.ஏ மரபணுக்களில் இரண்டாம் வகுப்பு எனப்படுபவை இருக்கும் வட்டாரத்தில், சேர்ந்தே வரும் மாற்றங்களின் ஒரு குறிப்பிட்ட சேர்க்கை, நோய் வரும் வாய்ப்பை எட்டு மடங்கு உயர்த்துவதாகத் தெரிந்தது. இப்படிப்பட்ட நோய்களில் 1.2, 1.3 மடங்கு என்று வருவதே வழக்கம். எட்டு மடங்கு என்பது பெரிய எண். முந்தைய ஆய்வுகளில் எல்லா வயதினரையும் ஒன்றாகக் கலந்ததால் அது வெளியே தெரியாமலே இருந்தது. படிவத்தில் வயதுக்கான ஒரு கட்டத்தை ஒழுங்காக நிரப்பி வைத்ததால் கிடைத்த கண்டுபிடிப்பு அது.

எத்தனை பேர் வேண்டும்? நூறு பேர் போதுமா?

மரபணுத் தொகுதி முழுவதையும் துழாவினால் கிட்டத்தட்ட பத்து லட்சம் தனித்தனிச் சோதனைகளைச் செய்வதற்குச் சமம். தற்செயலாக வர நூற்றுக்கு ஐந்துக்கும் குறைந்த வாய்ப்பு இருந்தால் போதும் என்ற வழக்கமான 0.05 எல்லையை வைத்தால் தற்செயலாகவே ஐம்பதாயிரம் 'வெற்றிகள்' வந்து நிற்கும். அதனால் 0.05ஐப் பத்து லட்சத்தால் வகுத்து, இரண்டு கோடியில் ஒன்று என்ற கடுமையான எல்லையை வைக்கிறார்கள்.

அந்த எல்லையைத் தாண்ட, மக்களில் 30 சதவீத அளவில் காணப்படும், வாய்ப்பை 1.5 மடங்கு ஆக்கும் ஒரு மாற்றத்தைப் பிடிக்க (ஐந்தில் நான்கு தடவை பிடிபட வேண்டும் என்று வைத்துக்கொண்டால்) சுமார் 1,100 நோயாளிகளும் அதே அளவு ஒப்பீட்டு நபர்களும் வேண்டும். 1.3 மடங்கு என்றால் 2,600 வீதம். 1.2 மடங்கு என்றால் 5,500 அளவுக்குப் போகிறது. ஒரு நோயாளிக்கு நான்கு ஒப்பீட்டு நபர் என்று சேர்த்தால், அந்த 2,600 நோயாளிகள் ஏறக்குறைய 1,650 ஆகக் குறைவார்கள். நாலுக்கு மேல் போனால் பெரிதாக லாபம் இல்லை. ஒரு ஊர், ஒரு மருத்துவமனை இதைத் தனியாகச் செய்ய முடியாது. பல மையங்கள் ஒரே படிவத்தோடு சேர வேண்டும்.

ஒப்பீட்டுக்கு மருத்துவக் கல்லூரி மாணவர்களிடம் ரத்தம் எடுத்தால் முடிந்ததே?

சுலபம்தான், அதனால்தான் ஆபத்து. நோயாளிகள் ஒரு மாவட்டத்துக் கிராமங்களிலிருந்தும், மாணவர்கள் மாநிலம் முழுவதிலிருந்தும் வந்தால், இரண்டு குழுக்களுக்கும் இடையே நோயோடு சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகள் இருக்கும். அவையெல்லாம் வெண்புள்ளியின் காரணங்கள் போலத் தோன்றும். நோயாளியோடு துணைக்கு வரும் ரத்த உறவில்லாத நண்பர், அதே மருத்துவமனையின் வேறு பிரிவுக்கு வருபவர், அதே ஊர் ரத்த தான முகாமுக்கு வந்தவர் ஆகியோர் இதைவிடப் பொருத்தம்.

அப்புறம், வயது. இருபது வயது மாணவருக்கு முப்பத்து நாலில் வெண்புள்ளி வரலாம். ஆனால் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுக்கே வரும் நோய் என்பதால் இந்தக் குறை பெரிய சேதம் செய்யாது. ஊர்ப் பொருத்தம்தான் தலையாயது.

படிவத்தில் சாதி ஏன் கேட்கிறீர்கள்? மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு.

இருக்கத்தான் செய்யும். கேட்பவர் காரணத்தைச் சொல்லிவிட்டே கேட்க வேண்டும், சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிட வேண்டும். காரணம் இதுதான்: இந்தியாவில் பல நூற்றாண்டுகளாகக் குழுவுக்குள்ளேயே திருமணம் நடந்ததால், பக்கத்துத் தெரு ஆட்களுக்கிடையேகூட மரபணு அளவில் நல்ல வித்தியாசம் இருக்கிறது. ஐதராபாத்தின் சி.சி.எம்.பி (செல், மூலக்கூறு உயிரியல் மையம்) நிறுவனமும் ஹார்வர்டும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 260க்கு மேற்பட்ட குழுக்களில் 81 குழுக்கள், இதற்குப் பேர்போன பின்லாந்து மக்களைவிடவும் குறுகிய முன்னோர் கூட்டத்திலிருந்து பெருகியவை என்று கண்டார்கள். முந்தைய பதிலில் சொன்ன போலிக் காரணங்கள் இங்கே இன்னும் எளிதாக முளைக்கும்.

உண்மையில் கணக்குக்குச் சாதிப் பெயர் தேவையில்லை. டி.என்.ஏ-விலிருந்தே யார் யாரோடு நெருக்கம் என்று கணித்துச் சரிக்கட்டும் முறைகள் உண்டு. பெயர் உதவுவது சேர்க்கும் நேரத்தில், இரு பக்கமும் ஒரே மாதிரி ஆட்கள் வருகிறார்களா என்று பார்க்க. வெளியிடும்போது 'இந்தச் சாதிக்கு இந்த நோய்' என்று படிக்கும்படி ஒரு அட்டவணைகூட வரக்கூடாது. வெண்புள்ளிக்கு ஏற்கெனவே இருக்கிற அவப்பெயர் போதும்.

சொந்தத்தில் கட்டினதால்தான் எங்க பொண்ணுக்கு வந்ததா?

அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. உறவுத் திருமணத்தில் அபாயம் தெளிவாகக் கூடுவது, ஒரே மரபணுவின் பழுதான பிரதி அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வர வேண்டிய நோய்களில். தோல் வறண்டு செதில் செதிலாகும் இக்தியோசிஸின் சில வகைகள், வெயில் பட்டாலே தோல் கெடும் சீரோடெர்மா பிக்மென்டோசம் போன்றவை அப்படிப்பட்டவை. அந்த நோய்களுக்கு ஆயிரக்கணக்கானோர் தேவையில்லை. ஒரே குடும்பத்தின் டி.என்.ஏ-வே விடை தந்துவிடும். வெண்புள்ளி அந்த ரகம் இல்லை. யாரையும் குற்றவாளி ஆக்க வேண்டாம்.

பலருக்கு வெண்புள்ளி உள்ள பெரிய குடும்பம் ஒன்று தெரியும். அவர்களை மட்டும் வைத்துப் பார்க்கலாமா?

பார்க்கலாம், பார்க்க வேண்டும். 2007இல் என்.எல்.ஆர்.பி.1 என்ற மரபணு அப்படித்தான் கிடைத்தது: வெண்புள்ளியும் பிற தன்னுடல் தாக்கு நோய்களும் குவிந்திருந்த 114 குடும்பங்களிலிருந்து. குடும்ப ஆய்வு அரிதான, வலுவான மாற்றங்களைப் பிடிக்கும். கூட்ட ஆய்வு பரவலான, மெலிதான மாற்றங்களைப் பிடிக்கும். குடும்பத்தில் கிடைப்பதை மற்றவர்களுக்கு அப்படியே பொருத்தக் கூடாது, அவ்வளவுதான்.

ரத்தம்தான் வேண்டுமா? எச்சில் போதாதா? தோலை வெட்டுவீர்களா?

பிறவியில் வந்த மரபணுவைப் படிக்க ஐந்து மில்லி ரத்தம் போதும், ஊதா மூடிக் குழாயில். ஊசிக்குப் பயப்படும் குழந்தைகளிடம் எச்சில் வாங்கலாம்.

தோல் துண்டு வேறு விஷயத்துக்கு: தோலில் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று பார்க்க. மூன்று, நான்கு மில்லிமீட்டர் துண்டுதான். ஆனால் வெண்புள்ளி உள்ள சிலருக்குக் காயம் பட்ட இடத்திலேயே புதுப் புள்ளி வரும். கோப்னர் விளைவு என்பார்கள். ஒப்புதல் தாளில் இதைச் சொல்லாமல் தோல் எடுப்பது தவறு. அதனால் எல்லோரிடமும் எடுக்காமல், கேள்விக்குத் தேவையான சிலரிடம் மட்டும் எடுப்பதே சரி. ஒரு பக்கப் பட்டையாக வரும் வகையில், பிறந்த பின் அந்தத் தோல் பகுதியில் மட்டும் ஏற்பட்ட மாற்றம் காரணமாக இருக்கலாம் என்று ஒரு கருதுகோள் உண்டு. அது உண்மையானால் அவர்களின் ரத்தத்தில் தேடி எதுவும் கிடைக்காது.

முழு மரபணுத் தொகுதியையும் படித்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமே, ஏன் சிப்?

பணம். சிப் என்ற சோதனைத் தகடு மரபணுத் தொகுதியின் சில லட்சம் இடங்களை மட்டும் படிக்கும், மீதியைத் தெரிந்த மாதிரிகளை வைத்து ஊகிப்பார்கள். ஒரு முழு வாசிப்பின் செலவில் பல பேரை சிப்பில் பார்க்கலாம். மேலே சொன்ன ஆள் கணக்கைப் பார்த்தால் ஏன் சிப் என்பது புரியும். ஊகிப்பதற்கான மாதிரித் தொகுப்புகளில் ஐரோப்பியர்களே அதிகம் இருந்ததுதான் நமக்குக் குறை. ஜீனோம் இந்தியா திட்டத்தின் சுமார் 10,000 பேரின் முழு வாசிப்புகள் 2025 ஜனவரியில் ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தின் வழியாக ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. இந்தக் குறையை அது ஓரளவு தீர்க்கும்.

அப்போ அந்த 10,000 பேரையே ஒப்பீட்டுக் குழுவாக எடுத்துக்கொண்டால்? நாம் ரத்தமே எடுக்க வேண்டாமே!

ஆசை வரும். ஆனால் நோயாளிகளை சிப்பிலும் ஒப்பீட்டு நபர்களை முழு வாசிப்பிலும் பார்த்தால், கருவி வித்தியாசமே நோய் வித்தியாசமாகத் தெரியும். எச்.எல்.ஏ வட்டாரம் வாசிப்பதற்கே கடினமானது என்பதால் அங்கே இந்தக் கோளாறு இன்னும் மோசம். துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரே ஆய்வகத்தில், ஒரே தட்டில் நோயாளி மாதிரியையும் ஒப்பீட்டு மாதிரியையும் கலந்து வைத்து ஓட்டிய ஒரு குழு கட்டாயம் வேண்டும்.

சின்னப் பிள்ளைகளைச் சேர்க்கலாமா?

வயது பற்றிய பதிலைப் பார்த்தால் அவர்களை விடவே முடியாது என்று தெரியும். பெற்றோர் ஒப்புதல் கட்டாயம். ஐ.சி.எம்.ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைகளின்படி ஏழு வயதுக்கு மேல் பிள்ளையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும். பன்னிரண்டு வரை வாய்மொழியாக, அதன் பிறகு எழுத்தில். பிள்ளை "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான்.

எங்க ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி வித்துடுவாங்களா?

இந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. வெளிநாட்டுக் கூட்டு ஆய்வு என்றால் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு மட்டுமல்ல, சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவும் அனுமதிக்க வேண்டும். மாதிரி எங்கே இருக்கும், எத்தனை ஆண்டு, வேறு ஆய்வுக்குப் பயன்படுமா, பாதியில் விலகினால் என்ன ஆகும் ஆகிய நான்கும் ஒப்புதல் தாளில் தமிழில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கையெழுத்துப் போடாமல் கேளுங்கள்.

ரிசல்ட் தருவீங்களா? மாப்பிள்ளை வீட்டில் காட்டணும், தங்கச்சிக்கு வராதுன்னு.

அதிகம் வரும் கேள்வி, வருத்தமான கேள்வியும்கூட. தனிநபர் முடிவு தருவதில் பொருள் இல்லை. 1.3 மடங்கு என்பது நூற்றில் ஒருவர் என்பதை நூற்றில் 1.3 ஆக்கும். அதைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தால் 'இருக்கு' என்று மட்டும்தான் படிக்கப்படும். பல இடங்களைக் கூட்டிப் போடும் மதிப்பெண்ணும் ஐரோப்பியத் தரவில் செய்யப்பட்டதாக இருந்தால் நம் ஆட்களிடம் சரியாக வேலை செய்யாது.

தங்கைக்கு வராது என்று எந்தச் சோதனையாலும் சான்று தர முடியாது. மாப்பிள்ளைக்கு வராது என்றும்தான்! வெண்புள்ளி தொற்றாது, உயிருக்கு ஆபத்தில்லை. அந்த வீட்டில் காட்ட வேண்டியது மரபணுத் தாள் இல்லை, தேவைப்பட்டால் அவர்களையும் கூட்டிக்கொண்டு ஒரு தோல் மருத்துவரிடம் போங்கள்.

ஒரு இடம் அந்தக் கடுமையான எல்லையைத் தாண்டிவிட்டது. அதுதான் காரண மரபணு என்று எழுதலாமா?

கூடாது. பக்கத்துப் பக்கத்து மாற்றங்கள் கூட்டாகவே தலைமுறை கடக்கும். சிப்பில் தெரிவது தெருவின் பெயர், வீட்டு எண் இல்லை. போதாதற்கு, பல மாற்றங்கள் மரபணுவுக்கு வெளியே, அதை ஏற்றி இறக்கும் சுவிட்ச் பகுதிகளில் இருக்கின்றன. 2019இன் எட்டு மடங்குச் சேர்க்கையும் அப்படித்தான், எச்.எல்.ஏ புரதத்தின் அளவைக் கூட்டும் பகுதியில் இருந்தது. முதலில் வேறொரு குழுவினரிடம் அது மறுபடி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கான ஆட்களையும் பணத்தையும் திட்டத்திலேயே ஒதுக்கியிருக்க வேண்டும். பிறகு செல்களில் சோதனை.

இதனால் மருந்து வருமா?

நேர்மையாகச் சொன்னால், இப்போதைய பெரிய முன்னேற்றம் மரபணுத் தேடலிலிருந்து நேரடியாக வந்ததில்லை. அமெரிக்காவில் 2022 ஜூலையில் அனுமதி பெற்ற ரக்சோலிட்டினிப் களிம்பு, ஜாக் என்ற சமிக்ஞை வழியைத் தடுப்பது. எதிர்ப்பு மண்டலத்தின் செய்திப் புரதமான இன்டர்ஃபெரான்-காமா அந்த வழியாகத்தான் டி-செல்களைத் தோலுக்கு வரவழைக்கிறது என்பதை எலிகளிலும் நோயாளிகளின் தோலிலும் கண்டார்கள். மரபணுப் பட்டியல் அதே எதிர்ப்பு மண்டலத்தைச் சுட்டிக்காட்டி நம்பிக்கையைக் கூட்டியது. நிதி விண்ணப்பத்தில் "ஐந்து ஆண்டில் மருந்து" என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

நான் எம்.டி முதலாண்டு. ஆய்வேட்டுக்கு 60 நோயாளிகள், ஒரு மரபணு எடுத்துக்கச் சொல்றாங்க. செய்யலாமா?

அந்த 60 பேரில் எதுவும் கிடைக்காது, கிடைத்தால் இன்னும் மோசம். பெரும்பாலும் தற்செயலாகத்தான் இருக்கும். இப்படிப்பட்ட சிறு ஆய்வுகள் ஏராளமாக வந்தன. அவற்றில் பல பெரிய ஆய்வுகளில் நிற்கவில்லை.

அதே 60 பேரை வைத்துச் செய்யக்கூடிய நல்ல வேலை இருக்கிறது. இரண்டு மருத்துவர்கள் ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல் படிவத்தை நிரப்பட்டும்: வகை, பரப்பு, தொடங்கிய வயது. எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிடுங்கள். தொடங்கிய வயதை நோயாளியிடமும் வீட்டாரிடமும் தனித்தனியாகக் கேட்டு ஒப்பிடுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, எதிர்கால ஆய்வுக்கும் சேர்த்து ஒப்புதல் வாங்கி, ரத்தத்தைச் சேமித்து வையுங்கள். பல மையங்கள் சேரும் நாளில் உங்கள் 60 பேர் சுத்தமான விவரத்தோடு உள்ளே போவார்கள். வழிகாட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்றால், ஆள் கணக்கு பற்றிய பதிலில் உள்ள எண்களைக் காட்டிப் பேசிப் பாருங்கள்.